நீ பூட்டாமல் விட்ட வரிசை

இன்று காலை, பக்கத்து மேசையில் இருக்கும் கொல்லத்துக்காரன் தன் திரையைத் திருப்பிக் காட்டி, இது ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்று கேட்டான். ஜாவாஸ்கிரிப்டில் அவன் எழுதிய ஒரு ஆப்ஜெக்ட். உள்ளே சில தகவல்கள், அந்தத் தகவல்களைக் கையாளச் சில ஃபங்ஷன்கள், அவ்வளவுதான். அதில் ஒரு பெயருக்கு முன்னால் # என்ற ஹாஷ் குறி இருந்தது. அந்தப் பெயரை அவன் வெளியிலிருந்து நேராகத் தொடப் பார்த்திருக்கிறான். தொடக்கூடாது என்று மொழியே மறுத்து, அடியில் சிவப்பாகக் கோடு இழுத்து வைத்திருந்தது.

அதற்கென்று உள்ளே ஒரு ஃபங்ஷன் இருக்கும், அதன் வழியாகப் போ என்று சொன்னேன். சொல்லிவிட்டு டீ எடுக்கப் போவதுபோல் எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நாம் எழுதிய காலத்தில் அந்த ஹாஷ் குறி இல்லையடா. பெயருக்கு முன்னால் நீ போட்ட அடிக்கோடு, அந்த அண்டர்ஸ்கோர் மட்டும்தான் இருந்தது. அது யாரையும் தடுக்காது. என்னையும் தடுக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரில் உன் பெயர் கெட்டது என்னால். நீ உயிரோடு இருந்தவரை அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு வருடம். போன மாதம் ஊருக்குப் போய் மற்றவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது மட்டும் நின்றுபோயிருக்கிறது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற சூரன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. ஜாவா படித்தால் அமெரிக்கா என்று வாசலில் போர்டு வைத்திருப்பார்கள். நான் திருவாரூர்ப் பக்கம் கடைத்தெருவில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தவரின் மகன். நீ அங்கிருந்து நாலு மைல் தள்ளி, வயல் வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் பட்டதாரி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெஷின், ஒரு மணி நேரம். நீ டைப் அடிக்க நான் படித்துக் காட்டுவேன், பாதியில் இடம் மாற்றிக்கொள்வோம். நம்மால் முடிந்தது ஜாவாஸ்கிரிப்ட்தான். "ஜாவாவுக்கு அமெரிக்கா. நீ படிச்சது பேர்ல பாதிதான் ஜாவா, அதான் பாதி தூரத்துல ஷார்ஜாலயே எறக்கிவிட்டுட்டாங்க பாய்" என்று பின்னாளில் நீ செய்த கிண்டலை இங்கே எத்தனை பேரிடம் என் சொந்தச் சரக்காகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா.

நீ எங்கும் போகவில்லை. அதே சென்டரில் வாத்தியாராகி, பிறகு ஒரு கல்லூரி லேபில் சேர்ந்து, தினம் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் வந்தாய். உன் தாத்தா பண்ணையாளாக உழுத அதே பங்கில் உன் அப்பாவுக்கு இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூட வராத நிலம் வாங்கிக் கொடுத்தாய். அதற்கு வரப்பை ஒட்டினாற்போல் என் தாய்மாமாவின் நிலம். இந்த வரப்பு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி உனக்கு எழுதத் தேவையில்லை. எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

குறுவை அறுப்பு வந்தால் உங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே பயம்தான். ஐப்பசி மழை கீழே இறங்குவதற்குள் அறுத்துக் கரையேற்ற வேண்டும். அறுக்க ஆள் கிடையாது. ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிற பெல்ட் அறுப்பு மெஷின் ஒன்று, காத்திருக்கும் வயல்கள் முப்பதுக்கு மேல். ஈர வயலில் டயர் மெஷின் இறங்காது, பெல்ட் மெஷின்தான் கதி. யாருக்கு முதலில் என்று வருடாவருடம் சண்டை. பெரிய வீட்டுக்காரர்களுக்குப் போன் அடித்தால் மெஷின் அங்கே திரும்பிவிடும். உங்கள் தெருவுக்கு வரும்போது மழையும் சேர்ந்து வரும்.

நீதான் உழவர் குழுவில் பேசி, இதற்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்யலாம் என்றாய். யார் எப்போது நட்டார்கள், என்ன ரகம், எப்போது முற்றும் என்பதை வைத்து வரிசை. எல்லோரும் போனில் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் டிரைவரும் அதைப் பார்த்துத்தான் அடுத்த வயலுக்குப் போவான். வரிசையை மாற்றவே முடியாது என்றில்லை. மாற்றலாம், ஆனால் யார் கேட்டார்கள், என்ன காரணம் என்று எழுத வேண்டும். அது எல்லோர் கண்ணிலும் படும். குழுத் தலைவருக்கு இது புரியவே ஒரு வாரம் ஆனது என்று சொல்லிச் சிரித்தாய். புரிந்த பிறகு அவர்தான் ஊரெல்லாம் பெருமை அடித்தாராம்.

அந்தப் பக்கத்தை நாம் இருவரும் சேர்ந்து எழுதினோம். நீ அங்கே, நான் இங்கே. நீ எல்லாப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே வைத்தாய். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும் என்பதே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். வரிசையைச் சுமக்கிற அந்த ஒரு பெயருக்கு மட்டும் முன்னால் அண்டர்ஸ்கோர். _வரிசை. அதை மாற்றுவதற்கு 'மாற்று' என்று ஒரு ஃபங்ஷன். காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் அது உள்ளே கை வைக்கும்.

அந்த வருடம் லீவில் வந்தபோது வாய்க்கால் மதகில் உட்கார்ந்து உன் லேப்டாப்பில் பார்த்தோம். இந்த அண்டர்ஸ்கோரை நம்பாதே, இது வெறும் அடையாளம், யார் நினைத்தாலும் நேராக உள்ளே போய் வரிசையைத் திருத்திவிடலாம், காரணம் எதுவும் பதிவாகாது என்று நான்தான் சொன்னேன். ஆமாம், நானேதான். ஒரு ஃபங்ஷனுக்குள் அந்த வரிசையை மூடி வைத்துவிட்டால் வெளியிலிருந்து எவனாலும் தொட முடியாது, பூட்டிவிடலாம் என்று பெரிய மேதைபோல் விளக்கினேன்.

எதிரே உளுந்து தெளித்த வயல் ஒன்று இருந்தது. மூலையில் ஒரு குச்சி நட்டு, அதில் வைக்கோலை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். மாடு விடாதே என்று அர்த்தம். நீ அதைக் கையால் காட்டினாய்.

"அந்த முடிச்சு மாட்டைத் தடுக்குமா பாய்? மாடு ஓட்டுறவன் பாத்துட்டு அவனா திருப்பிக்கிறான். இதுவும் அப்படித்தான். தொடுறது நாம ரெண்டு பேருதானே, எனக்கு எதுக்குப் பூட்டு?"

அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே.

அடுத்த குறுவை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ரூமுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் அவர். அவர் போன் என்றால் நான் எழுந்து நின்று பேசுகிற ஆள். லிஸ்டில் தான் இருபத்து மூன்றாவது இருப்பதாகவும், வானம் மேற்கே கறுத்துக் கிடப்பதாகவும், உன் சிநேகிதன் செய்த லிஸ்டுதானே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றும் கேட்டார். உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். காரணம் எழுது பாய் என்பாய். மாமாவுக்கு மழை வரும் என்பதைத் தவிர என்ன காரணம்? அது முப்பது பேருக்கும் உண்டு.

அதனால் உன்னிடம் சொல்லவில்லை. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். அதன் பாஸ்வேர்டு நம் இருவரிடம் மட்டும் இருந்தது. பிரவுசரின் கன்சோலில் உன் அண்டர்ஸ்கோர் பெயரை அடிக்கப் போனால் என் மெஷினில் தமிழ் கீபோர்டு இல்லை. நீ எழுதிய புரோகிராமிலிருந்தே அந்தப் பெயரை நகலெடுத்து ஒட்டினேன். இருபத்து மூன்றை நான்காக்கினேன். நான்கை இருபத்து மூன்றாக்கினேன். சேமித்தேன். நான்காவதில் யார் என்று பார்க்கவில்லையடா. எண்ணைத்தான் பார்த்தேன். மூன்று வரி, இரண்டு நிமிடம். தட்டிலிருந்த சோறுகூட ஆறவில்லை.

மாமா மௌத்தாகி மூன்று வருடம் ஆகிறது. அவர் தலையில் இதைப் போட மாட்டேன். அவர் கேட்டார், செய்தது என் விரல்.

நான்காவதில் இருந்தது செண்பகம் அக்கா. உங்கள் தெருவில் புருஷனை இழந்து, குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்தவர். அவர் பயிர்தான் ஊரிலேயே நன்றாக முற்றியிருந்தது. அதனால்தான் நான்காவது. சனிக்கிழமை மெஷின் அவர் வயலுக்குப் போயிருக்க வேண்டும். லிஸ்டைப் பார்த்து மாமா வயலில் இறங்கியது. இறங்கின மெஷினை யார் சும்மா கரையேற்றுவார்கள்? வரப்பை ஒட்டியிருந்த உன் அப்பா வயலையும் டிரைவர் அதே கையோடு அறுத்துவிட்டான். நீ அன்றைக்குப் பரீட்சை வேலையாகத் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாய். வயல் அறுத்தாயிற்று என்று உன் அப்பா சந்தோஷமாகப் போன் செய்தபோதுதான் உனக்கே தெரியும். அன்று சாயங்காலம் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை.

ஊர் என்ன கணக்குப் போட்டிருக்கும்? லிஸ்ட் செய்தவன் அப்பாவின் வயல் காய்ந்த நெல்லாய் வீட்டுக்கு வந்துவிட்டது. செண்பகம் அக்காவின் நெல் சாய்ந்து, தண்ணீருக்குள் கதிரிலேயே முளை விட்டது. மாற்றியதற்குக் காரணம் எழுதும் இடத்தில் ஒன்றுமே இல்லை. "வேலியே பயிர மேஞ்சா யார்கிட்டப் போயிச் சொல்றது" என்று குழுத் தலைவர் உன் முகத்துக்கு நேரே கேட்டாராம். என் மாமாதான் இதை எனக்குப் போனில் சொன்னார். அந்தத் தெரு ஆள் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இப்படித்தான் என்றும் யாரோ சொன்னார்களாம். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று இப்போது எழுதலாம். உண்மை என்னவென்றால் எனக்கு ஞாபகமில்லை. சிரித்தும் இருப்பேன்.

ஒரு வாரம் கழித்து நீ கூப்பிட்டாய். குரல் கம்மியிருந்தது. சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி என்று ஏதேதோ கேட்டுவிட்டுத்தான் வந்தாய்.

"பாய், ஒண்ணு கேக்கவா? நீ எதாவது தொட்டியா?"

"நான் எதுக்குடா தொடப்போறேன். இங்க இருக்குற வேலையே தலைக்கு மேல."

நம் இரண்டு பேரைத் தவிர அந்தப் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. நீ தொடவில்லை என்று உனக்குத் தெரியும். இரண்டிலிருந்து ஒன்றைக் கழிக்க உனக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்தும் நீ என் தட்டைக் கிளறவில்லை.

"சரி பாய்" என்றாய். பிறகு, "கையெல்லாம் கொப்புளம், டைப் பண்ணக்கூட முடியல. அப்புறமாப் பேசறேன்" என்று வைத்துவிட்டாய்.

கை ஏன் கொப்புளித்தது என்று நான் கேட்கவில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பியதே என்று இருந்தது எனக்கு. போனை வைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே படுத்து நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

புரோகிராமில் ஏதோ கோளாறு, தவறு என்னுடையதுதான் என்று நீ குழுவில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாரும் நம்பவில்லை. பக்கத்தை மூடச் சொன்னார்கள், மூடினாய். அடுத்த வருடம் மெஷின் பழையபடி போன் அடித்த வீட்டுக்குப் போனது.

அதற்குப் பின் இரண்டு முறை லீவில் வந்தேன். இரண்டு முறையும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சந்தித்தோம். நீ அதே பாய்தான் போட்டாய், அதே கிண்டல், என் வழுக்கையைப் பார்த்து அதே சிரிப்பு. ஆனால் அதற்கப்புறம் எனக்கு ஒரு வரி புரோகிராம்கூட நீ அனுப்பவில்லை. வழக்கமாக எதையாவது எழுதி, இது சரியா பார் என்று அனுப்புவாயே, அது நின்றுபோனது. இரண்டாவது முறை சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் வந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டேய் அந்த லிஸ்ட் விஷயம் என்று ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது பாய் என்று எழுந்துவிட்டாய். பஸ் வந்திருந்தது, பொய்யில்லை. ஆனால் அடுத்த பஸ் கால் மணி நேரத்தில் இருந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் ஏறினாயா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஏறினாயா என்று இன்றுவரை தெரியவில்லை.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். லீவு கிடைத்து வர ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் மனைவி எனக்குக் காபி கொடுத்துவிட்டு உன் பழைய லேப்டாப்பை எடுத்து வந்தாள். அண்ணே, இதுல அவரு புடிச்ச போட்டோல்லாம் இருக்கு, எடுத்துக் குடுங்க என்றாள். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாள். நாம் அந்தப் பக்கத்துக்கு வைத்திருந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். திறந்துகொண்டது. நீ மாற்றவே இல்லை.

போட்டோக்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, எடுக்கச் சொல்லாத ஒன்றைத் தேடினேன். இருந்தது. நீ போனில் என்னைக் கேட்டாயே, அன்றைய தேதியிட்ட ஃபைல். யாரும் பயன்படுத்தாத புதிய வடிவம். வரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் மூடியிருந்தாய். அண்டர்ஸ்கோரை எடுத்துவிட்டிருந்தாய். உள்ளே போக 'மாற்று' ஒன்றுதான் வழி, நான் மதகில் உட்கார்ந்து சொன்னபடியே. அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருந்தாய்.

"பாய் அப்பவே சொன்னான், பூட்டணும்னு. நான்தான் கேக்கல."

காபி அப்படியே ஆடை கட்டிவிட்டது. உன் மனைவி ஏன் அண்ணே குடிக்கலை என்று கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் உன்னை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தானும் அழுதாள். அந்தத் திருட்டுத்தனத்தைத் தாங்க முடியாமல்தான் அங்கேயே அவளிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

கொல்லையில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், என்ன என்ன என்று கேட்டார். கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. நான்தான்யா லிஸ்டை மாத்துனேன், உங்க புள்ள இல்ல என்று இரண்டு தடவை கத்தினேன். பக்கத்து வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கிட்டகூட சொல்லலியேப்பா" என்றார். என்னைச் சொல்லவில்லை. உன்னைச் சொன்னார்.

மறுநாள் காலை உழவர் குழுக் கூட்டம். உன் அப்பா அந்தப் பக்கம் போய் ஏழு வருடம் ஆகிறதாம், அன்றும் வரவில்லை. நான் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைவர் என் தோளில் தட்டி, போன கதை தம்பி, தாய்மாமா கேட்டா யாருக்குத்தான் மனசு வராது, பெரிய மனசு பண்ணிச் சொன்னீங்களே அதுவே போதும் என்றார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். டேய், உன்னை நிற்க வைத்துக் கேட்ட அதே இடத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உன் மேல் பழி விழ ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. என் மேல் விழ வேண்டியது, நானே தலையைக் குனிந்து காட்டியும் விழவில்லை.

நான் உட்காரவில்லை. அவன் பேரை இந்தக் கூட்டத்தில் சுத்தம் செய்து எழுதுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் குழுவின் நோட்டில் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அதைப் படமெடுத்து உன் மனைவிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பியபோது, தம்பி கொஞ்சம் நில்லுங்க என்று பின்னால் ஒரு குரல். செண்பகம் அக்கா. கூட்டத்தில் மூலையில் இருந்திருக்கிறார். நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திட்டட்டும் என்று இருந்தது. அவர் மகள் நர்சிங் சேர வேண்டிய வருடம் அது, அந்த விளைச்சல் போனதால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லித் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதை எடுக்கவே இல்லை.

"சாஞ்ச கதிர மெஷின் எடுக்காதுன்னு டிரைவரு அவன் பாட்டுக்கு அடுத்த ஊருக்குப் போயிட்டான். ஆளு கேட்டேன், ஒருத்தரும் வரல. மழ விட்ட மறுநாள் விடிஞ்சதும் பாத்தா, இவன் அருவாளோட என் வயல்ல நிக்கிறான். ரெண்டு நாளு, முட்டிக்காலு தண்ணி. எழுத்து வேல பாத்த கை, பழக்கம் இல்ல, உள்ளங்கையெல்லாம் கொப்புளிச்சுக் கிழிஞ்சுபோச்சு. துணியச் சுத்திக்கிட்டு அறுத்தான். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. செஞ்ச பாவத்துக்குத்தான் வந்து அறுக்கிறான்னு நானும் வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். குடிக்கத் தண்ணிகூட குடுக்கல தம்பி."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"செஞ்சது நீங்கன்னா, அவன் எதுக்கு வந்தான்?"

எனக்குத் தெரியும் நீ எதற்கு வந்தாய் என்று. தொடுறது நாம ரெண்டு பேருதானே என்று மதகில் உட்கார்ந்து சொன்னவன் நீ. அந்த இரண்டு பேரில் ஒருவன் ஷார்ஜாவில் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பதிலாத்தான்க்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உங்கள் வீட்டுப் பக்கம் நடந்து போனார். உன் அப்பாவைப் பார்க்கத்தான் போயிருப்பார்.

இன்று மாடிப்படியிலிருந்து திரும்பி வந்தபோது கொல்லத்துக்காரன் தன் புரோகிராமைத் திருத்தியிருந்தான். சிவப்புக் கோடு போய்விட்டது. நல்ல குறி இந்த ஹாஷ், யாரையும் நம்பித் தொலைக்க வேண்டியதில்லை என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு என் கீபோர்டில் கையை வைத்தேன். வேலை ஓடவில்லை. நீ அந்த ஃபைலை எழுதியது அந்தக் கையால்தான், துணி சுற்றிய கையால், என்னிடம் பேசிவிட்டுப் போனை வைத்த அதே நாளில்.

அன்றைக்கு உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நீ சொல்லியிருப்பாய், நானும் சொல்லியிருப்பேன், ஏழு வருடமும் இருந்திருக்காது. அந்தக் கேள்வியை இன்னும் வைத்துக்கொண்டு இருக்கிறேன். கேட்க ஆள் இல்லாமல் இப்போது கேட்கிறேன்.

டேய், கைக்கு என்னடா ஆச்சு?